சிலுவையா, படிக்கட்டா?



நவம்பர் 22-ந் தேதி அர்ச். செசிலியம்மாள் திருநாள். கோவிற் பாடகர்களுக்குப் பாதுகாவலியாகிய அந்த வேதசாட்சியின் நாளில் நமது பாடகர் குழுவில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆகவே சென்ற ஞாயிறு இரண்டாம் பூசையில், "பாட விருப்பமுள்ள எல்லாரும் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவித்தேன். பூசை முடிந்து நான் உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு தாய் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பையனுக்கு வயது பதினான்கு. டௌன் சிண்ட்ரோம் என்ற நிலையோடு பிறந்த பிள்ளை. நன்மை வாங்க முதல் ஆளாக வருவான். பாட்டு எடுத்தால் கோவில் முழுதும் கேட்கும்படி பாடுவான். ஆனால் தாளத்துக்கு அரை அடி பின்னால் வருவான். தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"சாமி, எல்லாரும்னு சொன்னீங்களே, நெசமாவே எல்லாருமா?" என்று கேட்டாள்.

"அடுத்த ஞாயிறு சொல்கிறேன், அம்மா" என்றேன். பதில் தெரியாதபோது சுவாமிமார் சொல்லுகிற வார்த்தை அது.

செய்தி பரவிவிட்டது. புதன்கிழமை மாலை, நம் பாடகர் குழுவில் இருபது வருடமாய்ப் பாடுகிற ஒரு சகோதரி பங்களாவுக்கு வந்தார்கள். கோபமாக வரவில்லை, கலங்கிப்போய் வந்தார்கள். "சுவாமி, கர்த்தர் பிறந்த திருநாளுக்கு நான்கு குரல் பாட்டு பழகிக்கொண்டிருக்கிறோம். ஆண்டவருக்குச் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? எங்கள் உழைப்புக்கு மதிப்பில்லையா?" என்று கேட்டார்கள். இதுவும் நியாயமான கேள்விதான்.

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே இந்தப் பக்கத்தில் பதில் எழுத முயலுகிறேன். என் பதில் ஒரு பாவசங்கீர்த்தனத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் வேறொரு பங்கில் துணைக் குருவாக இருந்தேன். அங்கே பாடகர்கள் நிற்பது வாசலுக்கு மேலுள்ள மாடியில். ஏறிப் போக ஒடுக்கமான மரப்படிகள், இருபத்துநான்கு. அந்தக் குழுவில் அடிக்குரல் பாடுகிற ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடமாகப் பாடியவர். அவர் குரல் அடியில் நின்றால் மற்றக் குரல்கள் தைரியமாக மேலே போகும். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு முட்டு விட்டுப்போயிற்று. ஒரு மாதம் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பிறகு ஏறவில்லை. கீழே தூணோரத்தில், பெஞ்சின் ஓரத்தில் இருந்துகொண்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். இளங்குருவுக்குரிய ஊக்கத்தோடு, துன்பத்தைச் சிலுவையாக ஏற்றுக்கொள்வதன் பலனைப் பற்றி நன்றாகவே பேசினேன். குருமடத்தில் படித்தது அனைத்தும் அன்று நாவில் வந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த அவருடைய மனைவி தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாமி, முட்டுவலி ஆண்டவர் குடுத்தது. சரி. படிக்கட்டு யாரு குடுத்தது?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். இரண்டு வருடத்தில் அந்தப் பெரியவர் இறந்துபோனார். அடக்கப் பூசையில் குழு மாடியில் நின்று பாடிற்று. அடிக்குரல் இல்லை. பாட்டுக்குரியவர் அன்றைக்கும் கீழேதான் இருந்தார், பெட்டியில்.

இதற்குப் பின் நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. மறு வருடம் மரப்படிகளில் கறையான் பிடித்து, யாரும் மாடிக்கு ஏறக்கூடாதென்று ஆயிற்று. குழுவைக் கீழே கொண்டுவர வேண்டிய கட்டாயம். நான்கு இளைஞர் ஐந்து பெஞ்சுகளைத் தூக்கிப் பீடத்துக்கு வலப்பக்கம் போட்டார்கள். ஆர்மோனியத்தையும் இறக்கினார்கள். எல்லாம் அரை மணி நேரத்து வேலை. கறையானுக்காகச் செய்ததை அந்த மனிதருக்காக நாங்கள் செய்யவில்லை. செய்யக்கூடாதென்று எவரும் தடுக்கவுமில்லை; அது எங்கள் ஒருவர் மனத்திலும் தோன்றவில்லை என்பதே உண்மை. தோன்றாமற் போனதற்கு என்னுடைய அழகான ஞான உபதேசமும் ஒரு காரணம்.

அன்பர்களே, சிலுவை மெய்யானது. வேதத்தில் அதைப் போல மெய்யானது வேறில்லை. தீராத நோயுண்டு, திரும்பாத பார்வையுண்டு, வயதின் தளர்ச்சியுண்டு. இவற்றை ஆண்டவரோடு சேர்ந்து சுமக்கலாம் என்பது நமது விசுவாசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுடைய சுமையில் ஆண்டவர் அனுமதித்தது எவ்வளவு, அயலானின் சோம்பலும் மறதியும் மேலே ஏற்றி வைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சிலுவை என்று பெயரிடுவது பக்தியல்ல. கொத்தனார் ஒரு நாளில் தீர்க்கக்கூடியதைச் சர்வேசுரனுடைய சித்தத்தின்மேல் போடுவது அவருடைய பெயரை வீணாக உபயோகிப்பதாகும். குருடன் முன் தடைக்கல் வைக்காதே என்று லேவியர் ஆகமம் 19-ம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கல்லை வைத்துவிட்டு, "பொறுமையாயிரு" என்று அவனுக்குப் புத்தி சொல்லலாமென்று அங்கே எழுதியிருக்கவில்லை.

மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. அவர்கள் நோயாளியிடம், "இது உன் சிலுவை, வா திரும்புவோம்" என்று சொல்லவில்லை. வீட்டின் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அந்தக் கூரை அவர்களுடையதல்ல, வேறொருவருடையது. சேசுநாதர் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றே சுவிசேஷகர் எழுதுகிறார். கட்டடத்தில் துவாரம் போட்டதை ஆண்டவர் விசுவாசமென்று கணக்கு வைத்தார். நம் கோவிலில் ஒரு படியைத் தொட வேண்டுமென்றால் எத்தனை கூட்டம் போடுகிறோம்!

நமது நாட்டில் 2011-ம் வருடக் குடிமதிப்பின்படி ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். 2016-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஊனங்களில் 21 வகைகளைக் குறிப்பிட்டு, பொதுமக்கள் கூடுகிற இடங்கள் அவர்களுக்கும் எட்டக்கூடியனவாக இருக்கவேண்டுமென்று விதிக்கிறது. இன்று அவர்களை மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையாக அழைக்கிறோம். நல்லதுதான். பெயரை மாற்றிவிட்டோம், படியை மாற்றினோமா?

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஆண்டவருக்குப் படைப்பது உத்தமமானதாக இருக்க வேண்டாமா? பழுதற்ற ஆட்டுக்குட்டியைத்தானே பழைய ஏற்பாட்டில் கேட்டார்? பழைய ஏற்பாடு ஆட்டோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. அதே லேவியர் ஆகமம் 21-ம் அதிகாரம், குருடனோ முடவனோ ஆன குரு பீடத்தை நெருங்கிப் பலி செலுத்தலாகாது என்கிறது. நம் திருச்சபையிலும் 1917-ம் வருடச் சட்டத்தொகுப்பு சில உடல் ஊனங்களைக் குருப்பட்டத்துக்குத் தடையாக வைத்திருந்தது. உடல் ஊனத்தைப் பற்றிய அந்த விதி 1983-ம் வருடச் சட்டத்தொகுப்பில் இல்லை.

ஏன் இல்லை? நமது பிரதான குருவைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த சரீரத்தில் கைகளில் துவாரம், கால்களில் துவாரம், விலாவில் திறந்த காயம். பழைய சட்டத்தின் கண்ணுக்கு அது பழுதுள்ள சரீரம். பிதா அந்தக் காயங்களை ஆற்றி மறைத்து எழுப்பியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. தோமையாருக்கு அடையாளமாக நின்றவை அந்தக் காயங்களே. ஆகவே "பழுதற்றது" என்பதற்கு நாம் கொள்ளும் பொருளும் சர்வேசுரன் கொள்ளும் பொருளும் ஒன்றல்ல என்பது தெளிவு.

யார் பாடலாம் என்பதிலும் திருச்சபை தன் வழக்கத்தைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. 1903-ல், இதே அர்ச். செசிலியம்மாள் திருநாளில், பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் கோவில் இசையைப் பற்றி ஒரு பிரமாணம் வெளியிட்டார். மிக அருமையான பிரமாணம். ஆனால் கோவிற் பாடகர் வேலை தேவாராதனைக்குரிய உத்தியோகமாதலால் பெண்கள் அதில் சேரலாகாது என்று அதிலே இருந்தது. மேல்குரலுக்குச் சிறுவர்களை வைத்துக்கொள்ளச் சொன்னார். 1955-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் சில நிபந்தனைகளோடு பெண்களுக்கும் இடங்கொடுத்தார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், விசுவாசிகள் அனைவரும் உணர்ந்து முழுமையாகப் பங்குபெறுவதே வழிபாட்டின் நோக்கமென்று போதித்தது. என்னிடம் வந்து பேசிய சகோதரி இருபது வருடமாக நம் குழுவின் தூணாக நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்களுக்கே அங்கு இடமிருந்திராது. அன்று அந்தக் கதவு திறந்தபோதும், "ஒழுங்கு கெட்டுவிடும்" என்று அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

ஊனமுற்றவர் வந்தால் இசை தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் சரித்திரம் வேறு பதில் சொல்லுகிறது. 1013-ல் பிறந்த ஹெர்மன் என்ற துறவி ஜெர்மானிய நாட்டில் ரைஹெனௌ தீவு மடத்தில் வாழ்ந்தார். கைகால் முடங்கியவர், பிறர் தூக்கி வைத்த இடத்தில்தான் இருப்பார், அவருடைய பேச்சு எளிதில் விளங்காது. இசை இலக்கணமும், வானசாஸ்திரமும், சரித்திரமும் எழுதினார், கீர்த்தனங்கள் இயற்றினார். நாம் செபமாலை முடிவில் வேண்டிக்கொள்கிற "சால்வே ரெஜினா" மன்றாட்டே அவருடையதென்று நெடுங்காலமாய்ச் சொல்லப்பட்டு வருகிறது. அவரை ஒவ்வொரு நாளும் தூக்கிச் சென்ற சகோதரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் தூக்கியிராவிட்டால் ஹெர்மனுடைய பெயரும் நமக்குத் தெரிந்திராது.

லூயி பிரெயில் மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் ஊசி குத்திக் கண்ணிழந்தார். வளர்ந்து பாரிஸ் நகரில் கோவில் ஆர்கன் வாசித்தார். 1829-ல் அவர் வெளியிட்ட புள்ளி எழுத்துமுறை வாசிப்புக்கு மட்டும் உண்டானதென்று நாம் எண்ணுகிறோம். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இசையும், கோவிலில் பாடும் பழைய ஒற்றைக்குரல் கானமும் சேர்ந்திருக்கின்றன. கண்ணில்லாதவன் கோவிலில் பாட வேண்டுமென்ற எண்ணம் அந்த ஆறு புள்ளிகளோடு கூடவே பிறந்தது.

ஆயினும் சகோதரியின் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. பாடகர் குழு ஓர் ஊழியம். ஊழியத்துக்குத் தகுதி வேண்டும். பயிற்சிக்கு வராதவன், பாட்டைப் படிக்காதவன், தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றவர் குரலைக் கேளாதவன், கால் கை நன்றாக இருந்தாலும் குழுவுக்கு உதவான். எல்லாரும் எல்லாவற்றையும் செய்யலாம் என்பது அன்பல்ல, முகஸ்துதி. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, சரீரம் முழுதும் கண்ணாயிருந்தால் காது எங்கே என்று கேட்கிறார். அதே இடத்தில்தான், பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே அதிக அவசியமானவை என்றும் சொல்லுகிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஆதலால் ஒரு சோதனையை உங்கள் முன் வைக்கிறேன். குழுவில் நாம் கேட்கிற ஒவ்வொன்றையும் எடுத்து இப்படிக் கேட்போம்: இது பாட்டுக்கு வேண்டியதா, அல்லது நம் பழக்கத்துக்கு வேண்டியதா?

படியேறுவது பாட்டுக்கு வேண்டியதா? இல்லை. நம் கோவில் பக்கவாசலில் மூன்று படிகள், மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு. பதினெட்டு அடி நீளமும், இருபுறம் கைப்பிடியும் போதும். சக்கர நாற்காலி தானாக வரும். குழந்தை வண்டியும், அடக்கத்துக்கு வரும் பெட்டியும் அதிலேயே வரலாம்.

ஒரு மணி நேரம் நிற்பது வேண்டியதா? இல்லை, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தும் நன்றாகப் பாடலாம். ஒருவர் உட்காருவது உறுத்தலாயிருந்தால், முன்வரிசை முழுதும் உட்காரட்டும். பொடி எழுத்தில் பாட்டுத்தாள் வேண்டியதா? இல்லை, எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்பு மையில் அழுத்தமாக அச்சிட்டால் வயதானவர்கள் பாதிப்பேர் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. ஞாயிறு காலையில்தான் பாட்டு எவை என்று சொல்லவேண்டுமா? கண்பார்வையில்லாத ஒரு பெண் நம் பங்கில் இருக்கிறாள். ஒரு முறை கேட்டால் பாட்டு அவள் மனத்தில் பதிந்துவிடும். வியாழக்கிழமையே பட்டியலும், பாடிப் பதிந்த குரலும் தொலைபேசியில் கிடைத்தால், ஞாயிற்றுக்குள் மற்றவர்கள் தாளைப் பார்த்துப் பாடுவதை அவள் பாராமற் பாடுவாள். பாட்டு நடத்துகிறவரின் கை அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் பாட்டு எடுக்குமுன் காதில் விழும்படி மூச்சை உள்ளே இழுத்தால் போதும். அதைக் கேட்டு அவள் சேர்ந்துகொள்வாள். மற்றவர்களும் இன்னும் ஒழுங்காகச் சேருவார்கள்.

காது மந்தமானவர்கள் தாளவாத்தியத்தின் அருகில் இருந்தால் ஒன்றும் கேளார்கள். நடத்துகிறவர் முகம் தெரிகிற இடத்தில் இருந்தால் உதட்டைப் பார்த்தே பாடிவிடுவார்கள். காதுக்கருவிகள் பலவற்றில் சிறிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. கோவிலைச் சுற்றி ஒரு கம்பி ஓட்டி ஒலிபெருக்கியோடு இணைத்தால், பாட்டும் பிரசங்கமும் இரைச்சலின்றி நேரே அவர்கள் காதில் சேரும். ஒலிபெருக்கி திடீரென்று அலறினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஒரு சிறுவனையும் நாம் அறிவோம். அவனுக்கு வேண்டியது ஒலிபெருக்கியிலிருந்து தூரமான ஓர் இடமும், இன்று என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு வாயுமே. இவற்றில் எதுவும் பாட்டைத் தாழ்த்தாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வேண்டியது என்னவென்று நாமே தீர்மானித்துக்கொண்டு போய் நிற்கக்கூடாது. எரிக்கோவில் குருடன் கூவினபோது, அவன் குருடன் என்பது யாவருக்கும் தெரியும். ஆயினும் சேசுநாதர், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் அவனைக் கேட்டார். நம் பங்கில் காது கேளாத தம்பதிகள் இருக்கிறார்கள். பாடல்களைச் சைகையில் காட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்யலாமென்று பெருமையாக அவர்களிடம் போனேன். அவர்கள் எழுதிக் காட்டிய பதில்: பாட்டு இருக்கட்டும் சுவாமி, முதலில் வாசகமும் பிரசங்கமும் எங்களுக்கு விளங்க வழி செய்யுங்கள். ஐந்து வருடமாக என் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் அவர்களுக்கு எட்டவில்லை. நான் அதைக் கவனிக்கவுமில்லை.

கடினமான இடம் இனிமேல்தான் வருகிறது. தாளத்துக்கு அரை அடி பின்னால் வருகிற அந்தப் பிள்ளை! தாளம் பாட்டுக்கு வேண்டியதா, நம் பழக்கத்துக்கு வேண்டியதா? பாட்டுக்கு வேண்டியதுதான். என் சோதனை இங்கே எனக்கு விரோதமாகத் திரும்புகிறது. முதலில் எனக்குத் தோன்றிய வழி இது: பாட்டுப் புத்தகம் விநியோகிக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்துவிடலாம். அது நல்ல வேலை; ஆனால் அவன் கேட்டது அந்த வேலையல்ல. கேட்டதைக் கொடாமல் வேறொன்றைக் கையில் திணித்து வாயை அடைப்பதற்கு உலகில் சாமர்த்தியமென்று பெயர். கோவிலில் அதற்கு நல்ல பெயர் இல்லை.

1967-ல் உரோமையிலிருந்து வந்த இசை ஒழுங்குமுறை ஒன்று பாடகர் குழுவுக்கு இரண்டு வேலைகளைக் கூறுகிறது. தனக்குரிய பாகத்தைச் செவ்வையாய்ப் பாடுவது ஒன்று. சபையார் எல்லாரும் பாடும்படி துணைசெய்வது மற்றொன்று. நாம் முதல் வேலையை மாத்திரம் மனத்தில் வைத்துக்கொண்டு தர்க்கம் செய்கிறோம். பதிலுரைகளையும், எல்லாரும் பாடும் கீதங்களையும் சபையோடு சேர்ந்து பாடவேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளையின் குரல் தடையல்ல. சொல்லப்போனால், உதட்டை அசைக்காமல் நிற்கிற முந்நூறு பேரைப் பாடவைக்க அவனைப்போல் பயமற்ற ஒரு குரல் வேண்டும். நான்கு குரல் பாட்டு வரும்போது, அந்தப் பாகத்தைப் படித்தவர்கள் பாடட்டும். அவன் தன் இடத்தில் மௌனமாயிருக்கட்டும். குழுவில் எல்லாருக்கும் மௌனமாயிருக்க வேண்டிய இடங்கள் உண்டு. தாளக்கணக்கில் மௌனத்துக்கும் மாத்திரை உண்டு. அதையும் பயிற்சியில்தான் படிக்க வேண்டும்.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில்: ஆம், அம்மா, உங்கள் மகனும் சேரலாம். இது தயவல்ல. மற்றவர்களிடம் கேட்பதையே அவனிடமும் கேட்போம்: செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்குத் தவறாமல் வரவேண்டும். ஒருவர் அவன் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார். அவன் அங்கே அலங்காரப் பொம்மையல்ல, குழுவில் ஓர் ஆள்.

அந்தச் சகோதரிக்கு என் பதில்: நான்கு குரல் பாட்டைக் கைவிட வேண்டாம். உங்கள் உழைப்பும் ஆராதனையே. ஆனால் பாட்டில் வரும் இன்பம் பாட்டின் பொருளை மறக்கச் செய்கிறதோ என்று அர்ச். அகுஸ்தீன் தம் சங்கீர்த்தனப் புத்தகத்தில் தம்மையே பரிசோதித்தார். நாமும் அவ்வாறு செய்வோம். ஒருவேளை திருநாளன்று, பாட்டின் மிக மெல்லிய இடத்தில், அவன் மௌனத்தை மறந்து பாடிவிட்டால்? நடக்கலாம், நடக்காதென்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நீங்கள் மாதக்கணக்காய் உழைத்தது ஒரு விநாடியில் கலையும். அது நிஜமான நஷ்டம், சிறிதென்று சொல்லமாட்டேன். அந்த விநாடியில் நாம் சிலுவை என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் அந்த வார்த்தையை இன்னொருவர் தோளில் ஏற்றிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தேன். சிலுவை பிறருக்கு எடுத்துக் கொடுக்கிற வார்த்தையல்ல, தனக்கென்று எடுத்துக்கொள்கிற வார்த்தை என்பதை இப்போதுதான் படிக்கிறேன்.

கடைசியாகக் குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு வார்த்தை. இது எவரோ சிலருடைய காரியமென்று எண்ணாதீர்கள். ஊனம் பிறவியோடு மட்டும் வருவதல்ல, வயதோடும் வருகிறது. இன்று படியேறுகிற கால் நாளை தயங்கும். இடப்பக்க மூளையில் வாதம் தாக்கிப் பேச்சை இழந்தவர்களில் சிலர், ஒரு வாக்கியம் பேச முடியாதிருந்தும், தெரிந்த பாட்டை வார்த்தையோடு பாடிவிடுகிறார்கள். இதைக் கவனித்தே 1973-ல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் பாட்டின் வழியாகப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சை ஒன்றை வெளியிட்டார்கள். மறதி நோயில் பிள்ளைகளின் பெயரை மறந்த தாய்மார் சிறுவயதில் பாடிய மாதா பாட்டைப் பாடுவதை நான் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் வீடுகளில் கண்டிருக்கிறேன். பாட்டு நம்மை விட்டு எளிதில் போவதில்லை. நாம்தான் பாடுகிறவர்களைப் படிக்குக் கீழே விட்டுவிடுகிறோம்.

பக்கவாசல் சாய்தளத்துக்குக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். வயதானாலும், கண் காது கால் தளர்ந்தாலும், பாட ஆசையுள்ளவர்கள் அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பீடத்துக்கு வலப்பக்கம் வாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க நான் அங்கே இருப்பேன். வரமுடியாதவர்கள் சொல்லியனுப்பினால் நான் வீட்டுக்கு வருகிறேன்; இந்த முறை புத்தி சொல்ல அல்ல, கேட்க.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி